சாவி இல்லாமல் ஓடிய வண்டி

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க சார். எனக்கு டிரைவர் காலு தெரியணும், அதான் இந்தப் பக்கம். பழக்கதோசம். முப்பத்தோரு வருசம் அந்தச் சீட்டுல உக்காந்தவன் நான். கவர்மெண்டு வண்டி இல்லை, கம்பெனி வண்டி. இதே அருப்புக்கோட்டை மதுரை ரூட்டுதான். இந்தா பாருங்க, கிளட்சு மேலேயே காலை வெச்சுக்கிட்டு ஓட்டுறான். ஆறு மாசத்துல பிளேட்டு தேஞ்சிரும். நமக்கென்ன, நம்ம வண்டியா.

பெருங்குடியில எறங்கணும் சார், ஏர்போர்ட்டுக்கு. மக வர்றா, மஸ்கட்ல இருந்து. சென்னையில பிளேனு மாறி பதினொண்ணரைக்கு மதுரையில எறங்குறா. பேத்தியும் வருது. மகிழினின்னு பேரு, இப்பத்தான் பத்து மாசம். மாப்பிள்ளை வரலை. லீவு கிடைக்காம இல்லை. அது வேற கதை. உங்களுக்கு மதுரைதானே? அப்ப நேரம் இருக்கு, சொல்றேன். யாருகிட்டயாச்சும் சொல்லணும்னு ரெண்டு மாசமா வாய்க்குள்ளயே வெச்சுக்கிட்டு இருக்கேன். ஊருல சொன்னா ஊரே பேசும். உங்களை எனக்குத் தெரியாது, என்னை உங்களுக்குத் தெரியாது. அது வசதி.

என் பேரு சோலைமலை. வீட்டுக்காரி போய்ச் சேந்து அஞ்சு வருசம் ஆச்சு. ஒரே மக, சுகன்யா. மாப்பிள்ளை செல்லப்பாண்டி அங்க ஒரு கம்பெனியில ஏசி சூப்பர்வைசர். நல்ல மனுசன். நான் குறை சொல்லவே மாட்டேன். கொஞ்சம் மறதி. அம்புட்டுதான்.

ஜூலை மாசம் என்னை வரச்சொல்லி டிக்கெட்டு போட்டுக் குடுத்தாங்க. அந்த ஊருல ஜூலையில வெயில்னா நம்ம கத்திரி வெயிலெல்லாம் சும்மா சார். ஆனா தெக்க சலாலான்னு ஒரு ஊரு இருக்காம், அங்க மட்டும் அந்த மாசத்துல சாரல் அடிக்குமாம், மலையெல்லாம் பச்சையா இருக்குமாம். நம்ம குத்தாலம் சீசன் மாதிரி. கல்ஃப் பூராவும் கார் எடுத்துக்கிட்டு அங்கதான் போவாங்களாம். ஆயிரம் கிலோமீட்டர். நடுவுல பூராவும் பாலைவனம். மக ஆசைப்பட்டா. "அப்பா, நீங்க டிரைவர், ரோட்டைப் பாத்தா சந்தோசப்படுவீங்க"ன்னா.

வியாழக்கிழமை விடியக்காலை கிளம்புறதுன்னு முடிவு. வியாழன் ஆறு மணிக்கெல்லாம் எமகண்டம் வந்துரும். எங்க கம்பெனியில டயமிங் எமகண்டத்துக்குள்ள இருந்தா, அதுக்கு முன்னாடியே வண்டியை ஷெட்டுல இருந்து நாலடி நகட்டி வெளிய போட்டுருவோம். அப்புறம் எப்ப எடுத்தாலும் தோசமில்லை. அதனால மாப்பிள்ளைகிட்ட கண்டிப்பாச் சொன்னேன், ஆறுக்கு முன்னாடி வண்டி வாசலைத் தாண்டணும்னு. அவரும் பாவம், அஞ்சரைக்கே பெட்டியெல்லாம் ஏத்தி, புள்ளைக்கு உள்ள குளுகுளுன்னு இருக்கணும்னு வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஏசியைப் போட்டுட்டு மாடி வீட்டுக்கு ஏறி வந்தார்.

நான் கேட்டேன், "சாவியைக் குடுங்க மாப்பிள்ளை, சாமி முன்னாடி வெச்சு எடுத்துருவோம்." எங்க முதலாளி அப்படித்தான் செய்வார் சார். தினமும் காலையில சாவியை முருகன் படத்துக்கு முன்னாடி வெச்சு, குங்குமம் தொட்டு, அவர் கையால எடுத்துக் குடுத்தாத்தான் நான் வண்டியில ஏறுவேன். முப்பத்தோரு வருசத்துல ஒருத்தர் மேலயும் நான் ஏத்துனதில்லை. அது அந்தச் சாவிக்கு இருந்த மரியாதை. மாப்பிள்ளை சொன்னார், "வண்டி ஓடிக்கிட்டு இருக்கு மாமா." நான் சொன்னேன், "ஓடட்டும், சாவியைக் குடுங்க."

அந்த வண்டிக்குச் சாவி போட ஓட்டையே கிடையாது. பொத்தானை அமுக்குனா ஸ்டார்ட் ஆவுது. சாவின்னு தீப்பெட்டி அளவு ஒண்ணு, அது பையில இருந்தாப் போதுமாம். அதை வாங்கி அலமாரியில சாமி படத்துக்கிட்ட வெச்சேன், குங்குமம் வெச்சேன், கும்பிட்டேன். சுகன்யா உள்ரூம்ல புள்ளைக்குத் துணி மாத்திக்கிட்டு இருந்தா. மணி அஞ்சு ஐம்பது. "எறங்குங்க, எறங்குங்க, ஆறு ஆவுது"ன்னு நான்தான் எல்லாரையும் விரட்டுனேன். விளக்கை அமத்திட்டு, சாவியை எடுத்து மாப்பிள்ளை கையில குடுத்தேன்.

குடுத்தேன்னுதான் ஞாபகம். குடுத்திருப்பேன் சார். குடுக்காம நான் எதுக்கு எறங்கப் போறேன்.

வண்டி நகந்ததும் டிங்கு டிங்குன்னு ஒரு சத்தம். மாப்பிள்ளை ஸ்டியரிங்குக்கு முன்னாடி இருக்க மீட்டர் கண்ணாடியைப் பாத்தார், ஏதோ எழுத்து ஓடுது. "என்னமோ சொல்லுதே"ன்னார். "பெல்ட்டா இருக்கும், எடுங்க எடுங்க, மணி அஞ்சு ஐம்பத்தேழு"ன்னேன். சத்தமும் நின்னுபோச்சு. அதுக்கப்புறம் யாரு கவனிக்கிறா. நிஸ்வாங்கிற ஊரு கிட்ட ஒரு டீக்கடையில நிறுத்துனார். அங்க எறங்கவே வேணாம் சார், ஹாரன் அடிச்சா வண்டிக்கே டீ கொண்டாந்து குடுக்குறான். புள்ளை தூங்குது, ஏசி ஓடிக்கிட்டே இருந்துச்சு. டேங்கு முந்துன நாளே ஃபுல். அணைக்கவே இல்லை வண்டியை.

அதுக்கப்புறம் ஆதம்னு ஒரு ஊரு. அதைத் தாண்டுனா ஒண்ணும் கிடையாது. ஒண்ணுமில்லைன்னா ஒண்ணுமே இல்லை சார். நம்ம பக்கம் ஒண்ணுமில்லைன்னா ஒரு வேலிக்கருவையாச்சும் நிக்கும். அங்க ரோடு நேரா கோடு கிழிச்ச மாதிரி போவுது, ரெண்டு பக்கமும் வெள்ளை மண்ணு. நாப்பது நிமிசத்துக்கு ஒரு வளைவு கூட இல்லை.

முந்நூத்தம்பது கிலோமீட்டர் ஓடிருச்சு. மணி பத்தாகப் போகுது. நான் சொன்னேன், "மாப்பிள்ளை, எஞ்சினு சூடா இருக்கும், பத்து நிமிசம் அணைச்சுப் போடுவோம்." "இப்ப உள்ள வண்டிக்கு அதெல்லாம் வேணாம் மாமா, ஏசி ஓடட்டும், புள்ளை இருக்கு"ன்னார். எஞ்சினுக்கும் மனுசனுக்கும் ஓய்வு வேணும்னு நான் சொன்னேன். தூரத்துல ஒத்தை மரம் ஒண்ணு நின்னுச்சு, ரோட்டை விட்டு ஒரு கிலோமீட்டர் உள்ள. வண்டித்தடம் போவுது. "அந்த நிழல்ல போடுங்க"ன்னேன். டிரைவருன்னா நிழலைத் தேடுவான். அது தப்பா? மக கூட, "அப்பா சொன்னாக் கேளுங்க, அவருக்குத் தெரியாததா"ன்னா. மாப்பிள்ளை கொண்டுபோய் நிறுத்துனார். அணைச்சார்.

எறங்கி, பத்து நிமிசம் நின்னோம். காத்து அடிக்குது, அடுப்புக்குள்ள ஊதுற மாதிரி. மரத்துல இலையே இல்லை, முள்ளுதான். நிழல்னு பேருக்கு நாலு கோடு. போதும்டா சாமின்னு ஏறி உக்காந்தோம். மாப்பிள்ளை பொத்தானை அமுக்குனார். ஒண்ணுமில்லை. மறுபடி அமுக்குனார். கண்ணாடியில எழுத்து வந்துச்சு. அவர் அதைப் படிச்சுட்டுச் சட்டைப்பையைத் தடவிப் பாத்தார்.

"என்னவாம்?"

"சாவி இல்லைங்குது மாமா."

நான் சிரிச்சேன் சார். நிசமாச் சிரிச்சேன். சாவி இல்லாம முந்நூத்தம்பது கிலோமீட்டர் வண்டி ஓடுமா? எந்த ஊருல ஓடும்? "பேட்டரியைப் பாருங்க மாப்பிள்ளை, இல்லைன்னா செல்ஃப் மோட்டாரு"ன்னேன். அவர் சொல்றார், "ஓடிக்கிட்டு இருக்கும்போது சாவி வெளிய போனா எஞ்சினு நிக்காது மாமா. ரோட்டுல திடீர்னு நின்னா ஆபத்துல்ல, அதுக்காக அப்படி வெச்சிருக்கான். அணைச்சாத்தான் திரும்ப எடுக்காது." இது என்ன கூத்து சார்? நான் ஒத்துக்கலை. "எறங்குங்க, தள்ளிவிடுறேன், ரெண்டாவது கியர்ல எடுங்க"ன்னேன். அந்த வண்டியில கியரும் இல்லை, கிளட்சும் இல்லை. இருந்தாலும் பின்னாடி போய்த் தோள் குடுத்துத் தள்ளுனேன். பூமியோட ஒட்டுன மாதிரி நிக்குது. உள்ள பூட்டிக்கிச்சாம். தகரம் சுட்டு உள்ளங்கை கொப்பளிச்சுப்போச்சு. இந்தா, இன்னும் தழும்பு இருக்கு பாருங்க.

அப்புறம் தேடுனோம். பெட்டி, பை, சீட்டு அடி, எல்லாத்தையும் மண்ணுல கொட்டித் தேடுனோம். மாப்பிள்ளை போனை எடுத்தார், சிக்னல் இல்லை. என் போனு சொல்லவே வேணாம். ரோட்டுல ஒரு லாரி போச்சு, கத்துனோம். ஒரு கிலோமீட்டர் தள்ளி யாருக்குக் கேக்கும்? வண்டிக்குள்ள உக்காந்தா வேகுது. ஜன்னலும் எறங்கலை, அதுக்கும் சாவி வேணுமாம். கதவைத் தொறந்துபோட்டு, வண்டி நிழல்ல மக புள்ளையை வெச்சுக்கிட்டு உக்காந்தா. புள்ளை வீல் வீல்னு கத்துது. தண்ணி ரெண்டு பெரிய பாட்டில் இருந்துச்சு, காப்பி போடலாம் அந்தச் சூடு. புள்ளை வாயில வெச்சா துப்புது.

எனக்கு அப்பத்தான் சார் பயம் வந்துச்சு. இப்ப நாம போற இந்த மதுரை ரோட்டுல பிரேக்கு இல்லாம வண்டி ஓட்டியிருக்கேன் ஒரு தடவை, அறுபது பேரை வெச்சுக்கிட்டு. அன்னைக்கு வராத பயம்.

மாப்பிள்ளை என்னை டிக்கிப் பக்கமா கூப்புட்டார். மகளுக்குக் கேக்காம, மெதுவாக் கேட்டார், "மாமா, காலையில சாவியை உங்ககிட்டக் குடுத்தேனே, திருப்பி எங்கிட்டக் குடுத்தீங்களா?"

எப்படி இருக்கும் சொல்லுங்க. மாமனாருன்னு ஒரு மரியாதை வேணாம்? அந்த நேரத்துல, அந்த எடத்துல கேக்குற கேள்வியா அது? "உங்க கையில குடுத்தேன்"னேன். "நல்லா ஞாபகம் இருக்கா?"ன்னார். நல்லாங்கிற வார்த்தையைப் போட்டுக் கேட்டார். எனக்குச் சுருக்குன்னு ஆச்சு. "புள்ளை மேல சத்தியமாக் குடுத்தேன்"னுட்டேன்.

சொல்லிட்டேன் சார். வாயில வந்துருச்சு.

அவர் என்னை ஒரு நிமிசம் பாத்தார். "அப்படின்னா நான்தான் எங்கயாச்சும் வெச்சிருப்பேன்"னுட்டு, அரை பாட்டில் தண்ணியைக் கையில எடுத்துக்கிட்டு, துண்டைத் தலையில போட்டுக்கிட்டு, ரோட்டைப் பாக்க நடந்தார். நான் போறேன்னு சொல்லியிருக்கணும். காலு வரலை.

அவர் போய்ப் பத்து நிமிசம் இருக்கும், புள்ளை அழுகையை நிறுத்திருச்சு. முதல்ல நல்லதுன்னு நினைச்சேன். மக மூஞ்சியைப் பாத்தேன், அவ புள்ளை கன்னத்தைத் தட்டுறா, "மகி, மகி"ங்குறா. கண்ணு பாதி மூடியிருக்கு. உதடு வெள்ளையாப் போச்சு. உடம்பு தீயா இருக்கு, வேர்வையே இல்லை. துப்பட்டாவை நனைச்சு நனைச்சுச் சுத்துறா, போட்ட கையோட காஞ்சுபோவுது. "அப்பா, புள்ளை தலை நிக்கலைப்பா"ன்னா.

நான் சத்தியம் பண்ணுனதுக்கும் புள்ளை அப்படி ஆனதுக்கும் சம்பந்தம் இல்லை சார். வெயிலு. நீங்க படிச்சவர் மாதிரி இருக்கீங்க, நீங்களே சொல்லுங்க. வெயில்தானே?

அந்த நேரத்துல ஒரு நினைப்பு வந்துச்சு. அலமாரி, விளக்கு, பக்கத்துல கறுப்பா அந்தத் தீப்பெட்டி, அது மேல ஒரு பொட்டுக் குங்குமம். நான் விளக்கை அமத்துறேன், கையை எடுக்குறேன், கையில ஒண்ணும் இல்லை. அப்படியே படமாத் தெரிஞ்சுச்சு. வந்த வேகத்துல போயிருச்சு. அந்த வெயில்ல மனுசனுக்கு என்னென்னமோ தோணும். தண்ணியே இல்லாத எடத்துல கண்மாய் தெரியுது, அதையெல்லாம் நம்பமுடியுமா? நான் எந்திரிச்சு வண்டியைச் சுத்திச் சுத்தி வந்தேன். வேற என்ன செய்றதுன்னு தெரியலை. சாமி பேரைச் சொல்லிக் கும்புடலாம்னு வாயைத் தொறந்தேன், பேரு வரலை. பயமா இருந்துச்சு, கூப்புடுறதுக்கே.

எம்புட்டு நேரம்னு தெரியலை. மக ஒண்ணே கால் மணி நேரம்னு பின்னாடி சொன்னா. புழுதி கிளப்பிக்கிட்டு ஒரு பிக்கப் வந்துச்சு. பின்னாடி ரெண்டு ஆடும் ஒரு தண்ணித் தொட்டியும். ஓமான்காரர், என் வயசு இருக்கும், வெள்ளை அங்கி. பக்கத்துல மாப்பிள்ளை. மூஞ்சி ரத்தமாச் செவந்து, வாயோரம் நுரை. அந்த மனுசன் எறங்குனார், புள்ளையை மககிட்ட இருந்து வாங்கி ஏசிக்கு முன்னாடி வெச்சு, தொட்டித் தண்ணியில துணியை நனைச்சுக் காலுல இருந்து தடவுனார். அப்பத்தான் என்கிட்ட வந்து, வண்டியைக் காட்டி, கையைத் திருகிக் காட்டினார். சாவி எங்கன்னு கேக்குறார். எல்லாரும் என்னையே கேக்குறாங்க. நான் மாப்பிள்ளையைக் கை காட்டினேன்.

வலையங்குளம் வந்துருச்சா? அதைத் தாண்டுனா பெருங்குடிதான். இல்லை, இன்னும் கொஞ்சம் இருக்கு.

ஹைமான்னு ஒரு சின்ன ஊரு, அங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அந்தப் பிஞ்சுக் கையில ஊசி குத்த நரம்பு கிடைக்கலை. கடைசியில தலையில குத்தி மருந்தை ஏத்துனாங்க. மூணு மணி நேரம் கழிச்சு ஒரு அழுகை அழுதுச்சு பாருங்க, நான் வராண்டாவுல தரையிலயே உக்காந்துட்டேன். அறுபத்தி ரெண்டு வயசுக்காரன், பாஷை தெரியாத எடத்துல, ஆளுங்க பாக்கப் பாக்க அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெக்கமில்லை.

புள்ளை பொழச்சிருச்சு. அம்புட்டுதானே வேணும். அதோட விட்டுருக்கலாம்ல?

அன்னைக்குச் சாயங்காலம், மாப்பிள்ளைக்கு மஸ்கட்ல ஒரு சிநேகிதர் இருக்கார், ஜெயசீலன்னு, அவர்கிட்ட வீட்டுச் சாவி ஒண்ணு இருக்கும். அவரை வீட்டுக்குள்ள போய்த் தேடச் சொல்லி வீடியோவுல பேசுறார். ஆஸ்பத்திரி பெஞ்சுல அவர், பக்கத்துல நான், எதுத்தாப்புல புள்ளையை மடியில வெச்சுக்கிட்டு மக. போனுக்குள்ள வீடு தெரியுது. சோபா தெரியுது, அடுப்படி தெரியுது. ஜெயசீலன் தேடிக்கிட்டே அலமாரிப் பக்கம் திரும்புறார், படம் தெரியுது, விளக்கு தெரியுது. பட்டுன்னு மாப்பிள்ளை போனை நெஞ்சோட வெச்சு அமுக்கிக்கிட்டார். "போதும் ஜெயா, போதும், கிடைச்சிருச்சுல்ல, ஷூ ஸ்டாண்டு மேலதானே, எடுத்துட்டு வா"ன்னு சொல்லிக் கட் பண்ணிட்டார்.

மக கேட்டா, "எங்க இருந்துச்சு?"

"ஷூ ஸ்டாண்டு மேல. நான்தான் வெச்சிருக்கேன். செருப்பு மாட்டும்போது."

பாத்தீங்களா? ஷூ ஸ்டாண்டு மேல. அவர் வாயாலயே சொல்லிட்டார். நான் குடுத்ததை வாங்கி அங்க வெச்சிருக்கார். எதுக்குப் போனை நெஞ்சுல அமுக்குனார்னு நான் கேக்கலை. வெளிச்சம் கண்ணுல பட்டிருக்கும். ராத்திரி ஜெயசீலன் சாவியைக் கொண்டாந்து குடுத்தார், குடுக்கும்போது என்னைப் பாக்கலை. களைப்பா இருந்திருப்பார், பாவம், ஐநூறு கிலோமீட்டர்.

மக அப்பத்தான் வாயைத் தொறந்தா. நான் அவளை அப்படிப் பாத்ததில்லை. "புள்ளையைக் கொல்லப் பாத்தியேடா"ன்னா. புருசனை டா போட்டா சார், ஆஸ்பத்திரியில, பத்துப்பேரு முன்னாடி. "எங்கப்பா முப்பத்தோரு வருசம் வண்டி ஓட்டுனாரு, ஒரு நாள் ஒரு சாவியைத் தொலைச்சிருப்பாரா? உனக்குப் புள்ளை நெனப்பு இருந்தா இப்படிப் பண்ணுவியா?"ன்னா. மாப்பிள்ளை தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "தப்புதான் சுகா, தப்புதான்"னார். நான் சமாதானம் பண்ணுனேன். சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் பண்ணுனேன். "விடும்மா, மனுசன்னா மறதி வரத்தான் செய்யும்"னேன். அவர் அப்ப நிமிந்து என்னைப் பாத்தார்.

மஸ்கட் திரும்பி ஒரு வாரத்துல நான் ஊருக்குக் கிளம்பிட்டேன். விசா இன்னும் ரெண்டு மாசம் இருந்துச்சு. இருக்கப் பிடிக்கலை. மகிழினி தவழ்ந்து வந்து என் காலைப் பிடிக்கும், தூக்கு தூக்குன்னு கையை நீட்டும். நான் கையைப் பின்னாடி கட்டிக்குவேன் சார். தூக்குனா என்னமோ ஆயிரும்னு ஒரு இது. அதைப் போய் யாருகிட்டச் சொல்ல. ஏர்போர்ட்டுல விட மாப்பிள்ளை மட்டும் வந்தார். மக அவர் ஓட்டுற வண்டியில புள்ளையை ஏத்துறதில்லைன்னு சொல்லிட்டா. உள்ள போற எடத்துல என் பெட்டியை எறக்கிக் குடுத்துட்டுச் சொன்னார், "நான் எதுவும் சொல்லலை மாமா. சொல்லவும் மாட்டேன். நிம்மதியாப் போங்க."

எதைச் சொல்ல மாட்டேங்குறார்னு நான் கேக்கலை. தலையை ஆட்டிட்டு உள்ள போயிட்டேன்.

அதோட முடிஞ்சிரும்னு நினைச்சேன். முடியலை. தடுப்பூசி போட டாக்ஸியில போறாளாம். அவர் வேலைக்குக் கிளம்பும்போது தினமும் "சாவி இருக்கா, பர்சு இருக்கா, மூளை இருக்கா"ன்னு கேக்குறாளாம். புள்ளையை அவர்கிட்டத் தனியா விட்டுட்டுக் குளிக்கக்கூடப் போறதில்லையாம். அவளே போனுல சொல்றா, பெருமையா. நான் ம் ம்னு கேட்டுக்குவேன். போன வாரம் சொன்னா, "அப்பா, நான் ஊருக்கே வந்துடுறேன். இந்த மனுசனை நம்பிப் புள்ளையை வளக்க முடியாது." கொஞ்ச நாளைக்குத்தானேம்மான்னு கேட்டேன். டிக்கெட்டு ஒருவழிதான் போட்டிருக்கா.

நேத்துக் காலையில மாப்பிள்ளை போன் பண்ணுனார். அன்னைக்கு ஏர்போர்ட்டுல பேசுனதோட சரி, ரெண்டு மாசத்துல இப்பத்தான். அழுதார்னு சொல்லமாட்டேன், மூக்கு அடைச்ச மாதிரி இருந்துச்சு. "அவ நாளைக்குக் கிளம்புறா மாமா. புள்ளை நேத்துத்தான் முதல் தடவை அப்பான்னுச்சு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நின்னுருவா"ன்னார். என்ன வார்த்தைன்னு அவரும் சொல்லலை, நானும் கேக்கலை. "டவர் இல்லை மாப்பிள்ளை, சரியாக் கேக்கலை"ன்னு வெச்சுட்டேன். வீட்டுக்குள்ளதான் உக்காந்திருந்தேன்.

ராத்திரி மக பேசுனா, பெட்டி கட்டிட்டேன்னு. "உங்ககிட்ட வந்துட்டா எனக்குப் பயமே இல்லப்பா, நிம்மதியாத் தூங்குவேன்"னா. அவளுக்கு ஆத்தா இல்லை. புருசனும் இல்லைன்னு முடிவு பண்ணிட்டா. இனி நான் ஒருத்தன்தான். இப்பப் போய் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன்னு வைங்க, அவளுக்கு நம்புறதுக்கு யாரு இருக்கா? இல்லை, நீங்க சொல்லுங்க. சொல்லாட்டி அவர் புள்ளை இல்லாம அங்க கிடக்கணும். சொன்னா என் புள்ளை... சரி விடுங்க. உங்ககிட்டப் போய்க் கேக்குறேன், நீங்க என்ன பண்ணுவீங்க.

வெளிய வந்ததும் முதல்ல என்ன செய்வா தெரியுமா? பெட்டியைத் தள்ள கை வேணும்ல. "புள்ளையைப் பிடிங்கப்பா"ன்னு நீட்டுவா. நான் வாங்கணும்.

இதுதான் சார், பெருங்குடி. ஆமா, தெரியுது. கண்டக்டர் என்னைத்தான் கூப்புடுறான். "பெரியவரே, ஏர்போர்ட்டு கேட்டீங்களே, எறங்குங்க"ங்குறான்.

இல்லைப்பா, நீ விசிலைக் குடு. அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கிறேன்.